க்யூட் மொழித்தாளில் பத்தி வாசிப்பு: டெல்லித் தமிழ்ப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

சனி, ஞாயிறு மாலையில் ஆர்.கே. புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்து பத்தி வாசிப்பார்கள். டியூஷன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஜனவரி பிறந்ததும் ஃபோன் வர ஆரம்பித்துவிடும். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைத்துவிட்டேன்.

க்யூட் மொழித்தாள் என்பது என்ன? எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம்?

டெல்லிப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர 2022 முதல் எழுத வேண்டிய பொது நுழைவுத் தேர்வுதான் க்யூட். நடத்துவது தேசியத் தேர்வு முகமை. கம்ப்யூட்டரில், நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் தேர்வு. அதில் 13 மொழிகளில் மொழித்தாள் உண்டு, தமிழும் அதில் ஒன்று. 2025இல் ஒரு தாளுக்கு 50 கேள்விகள், அத்தனைக்கும் விடை எழுத வேண்டும், நேரம் 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறானதற்கு 1 கழியும், மொத்தம் 250.

முதல் வருஷமான 2022இல் 50 கேள்வியில் 40க்கு விடை எழுதினால் போதும் என்று இருந்தது. அதனால் பக்கத்து ஃபிளாட் அண்ணன் சொன்னான், மாமா பெண் சொன்னாள் என்று பழைய கணக்கைக் கொண்டு வராதீர்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் வருஷத்தின் அறிவிக்கையை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள். அதுவும் ஒரு வாசிப்புப் பயிற்சிதான்.

பத்தி வாசிப்பு பள்ளியிலேயே வருகிறதே, தனியாக என்ன பழக வேண்டும்?

சிபிஎஸ்இ பிளஸ் டூ ஆங்கிலத் தாளில் 80க்கு 22 மதிப்பெண் வாசிப்புப் பகுதிக்கு. பழக்கம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பள்ளித் தாளில் சில கேள்விகளுக்குச் சொந்த வாக்கியத்தில் எழுதலாம், சுற்றி வளைத்துச் சொன்னாலும் டீச்சர் பார்த்துப் பாதி மார்க் போடுவார். கம்ப்யூட்டருக்கு அந்த இரக்கம் கிடையாது. நான்கு விடையில் மூன்று, பார்த்தால் சரிபோலத் தோன்ற வேண்டும் என்றே உட்கார்ந்து யோசித்து எழுதப்பட்டவை. பத்தியைப் புரிந்துகொள்வது பாதி வேலை. அந்த மூன்றும் ஏன் தவறு என்று சொல்லத் தெரிவது மீதிப் பாதி. பள்ளியில் சொல்லிக்கொடுக்காதது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

சரி, அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

வகுப்பில் நான் எழுதிக்கொடுக்கும் ஒரு பத்தி இது:

"2023 ஜூலையில் டெல்லி பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இல் பதிவான 207.49 மீட்டர்தான் அதுவரை உச்சம். நகரில் மழை ஓய்ந்த பிறகும் ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் திறந்துவிடப்படும் நீர் டெல்லிக்கு வந்துசேர இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். அதனால் ஊரில் வெயில் அடித்த நாளிலும் கரையோர மக்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது."

கேள்வி: பத்தியின்படி, மழை ஓய்ந்த பிறகும் ஆறு ஏறியதற்குக் காரணம் என்ன?

அ) டெல்லியில் பல நாள் விடாமல் பெய்த மழை
ஆ) மேலே திறந்துவிட்ட நீர் தாமதமாக வந்துசேர்ந்தது
இ) ஐடிஓ தடுப்பணையின் சில மதகுகள் திறக்காமல் போனது
ஈ) 1978க்குப் பிறகு கரைகளைப் பராமரிக்காதது

மயூர் விஹாரிலிருந்து வருகிற ஒரு பெண், எங்கள் வகுப்பிலேயே படு சூட்டிகை, சட்டென்று "இ" என்றாள். மற்றவர்கள் "ஆ" என்றதும் கோபம் வந்துவிட்டது. "மேம், மதகு மாட்டிக்கொண்டது நிஜம்தானே, டிவியில் நானே பார்த்தேன்" என்று வாதாடினாள். நிஜம்தான். சேறு அடைத்து ஐந்து மதகுகள் திறக்கவில்லை என்று அந்த நாட்களில் செய்தி வந்தது. ஆனால் அது பத்தியில் எங்கே இருக்கிறது? "விரலை வைத்துக் காட்டு" என்றேன். தேடினாள், இல்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு "ஆ"வைக் குறித்தாள்.

இந்தத் தேர்வில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மார்க் விடும் இடம் இதுதான். உனக்கு என்ன தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை, இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். "அ" பத்திக்கு நேர் எதிர், "மழை ஓய்ந்த பிறகும்" என்று அங்கேயே இருக்கிறது. "ஈ" கொஞ்சம் தந்திரமானது. 1978 என்ற எண்ணைப் பத்தியிலிருந்து கடன் வாங்கி, பத்தி சொல்லாத ஒன்றை அதோடு ஒட்ட வைத்திருக்கிறது. எண்ணையோ பெயரையோ பார்த்ததும் கை அதன் மேல் போய்விடும்.

இதே பத்திக்குத் தலைப்புக் கேட்டால் "யமுனையின் வரலாறு" என்பது ரொம்பப் பெரிய சட்டை, "ஹத்னிகுண்ட் தடுப்பணை" என்பது சின்னச் சட்டை. "வெயில் நாளில் வந்த வெள்ளம்" அளவாக இருக்கும். தலைப்புக் கேள்வி எல்லாவற்றையும் இந்தச் சட்டைக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் சிக்கல் வராது.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். விடை சொல்கிறவர்கள் வரியில் விரல் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். கருத்தை ஊகிக்கச் சொல்லும் கேள்விக்கும் அப்படித்தான். ஊகம் என்றால் எங்கிருந்தோ பறித்துக்கொண்டு வருவதல்ல, எந்த வரியிலிருந்து ஊகித்தாய் என்று காட்ட முடிய வேண்டும்.

தமிழ்த்தாள் எடுப்பதா, இங்கிலீஷ் எடுப்பதா?

முதலில் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். படிப்புக்குப் படிப்பு பாடச் சேர்க்கை மாறும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்க ஆசை என்றால் இங்கிலீஷ் தாள் எழுதியே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. வேறு பல படிப்புகளுக்கு ஏதாவது ஒரு மொழி போதும். 2025 விதிப்படி மொத்தம் ஐந்து தாள் வரை எழுதலாம் என்பதால் இரண்டு மொழியையும் எடுக்கிற பிள்ளைகளும் உண்டு.

அப்புறம் பிள்ளையைப் பாருங்கள். "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், அதனால் தமிழ் சுலபம்" என்று அப்பாக்கள் சொல்வார்கள். பேசுவது வேறு, ஒரு நிமிடத்தில் ஒரு பத்தியைக் கண்ணால் ஓடி முடிப்பது வேறு. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றில் தமிழை ஒரு பாடமாகத் தொடர்ந்து படித்த பிள்ளைக்குத் தைரியமாகத் தமிழ்த்தாள் எடுங்கள் என்பேன். தாத்தா பாட்டியிடம் எழுத்துக் கற்றுக்கொண்டு, எழுத்துக்கூட்டி ஹோட்டல் பலகை வாசிக்கிற பிள்ளைக்கு அது ஆசைதான், திட்டமல்ல. சந்தேகமாக இருந்தால் ஒரு தமிழ் நாளிதழ்த் தலையங்கத்தைக் கொடுத்து வாய்விடாமல் படிக்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடித்து, என்ன சொல்லியிருக்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் எடுக்கலாம். உதடு அசைந்துகொண்டே இருந்தால் இன்னும் நாளாகும்.

தமிழ்த்தாளில் டெல்லிப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

மூன்று இடங்களில். மூன்றும் ஒரே அளவு அல்ல.

எழுத்துக் குழப்பம் சின்ன விஷயம். பனி, பணி, அறை, அரை. பத்தியில் சுற்றியிருக்கும் சொற்களே வழிகாட்டிவிடும். நாலு முறை சிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது, ஹிந்தி நிழல். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மண்டையில் முதலில் ஓடுவது ஹிந்தி. ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லுக்கு ஹிந்திப் பொருளை மாட்டிவிடுவார்கள். "அவருக்கு ஒரு வார அவகாசம் தரப்பட்டது" என்றிருந்தது. மோதி பாக் பையன் ஒருவன், அவருக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தார்கள் என்று எடுத்துக்கொண்டு, தொடர்ந்து வந்த மூன்று கேள்விகளையும் கோட்டைவிட்டான். உத்தியோகம் என்றால் தமிழில் வேலை, இவர்களுக்கோ தொழில்துறை. கோவிலில் நடக்கும் உபன்யாசம் இவர்களுக்கு நாவல். சம்சாரம் இவர்களுக்கு உலகம் (நம் ஊர்ப் பெரியவர்கள் "என் சம்சாரம்" என்று அறிமுகம் செய்தால் பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள்). இந்த மாதிரிச் சொற்களை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்கிறேன். எங்கள் நோட்டில் நாற்பதைத் தாண்டிவிட்டது.

மூன்றாவதுதான் பெரிய பள்ளம். தமிழில் வாக்கியத்தின் முடிவு கடைசிச் சொல்லில் இருக்கிறது. "வெங்காய விலை ஏறியதற்கு வியாபாரிகள் பதுக்கியதுதான் காரணம் என்று பலரும் அடித்துச் சொன்னாலும், அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை." இங்கிலீஷ் வேகத்தில் படித்துப் பழகிய கண் "காரணம்" வரைக்கும் வந்ததும் புரிந்துவிட்டது என்று அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஆசிரியர் சொல்ல வந்ததோ நேர் எதிர். "என்று கருத இடமில்லை", "என்று சொல்லிவிட முடியாது", "அவ்வளவு எளிதல்ல" எல்லாமே வாலில்தான் வரும். அதனால் தமிழ்ப் பத்தியில் வினைமுற்று வரும்வரை முடிவு கட்டக் கூடாது.

கூடவே, சொல்லில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சின்ன ஒட்டுகள். நான்கு வாக்கியம் பாருங்கள்:

நூறு பேர் வந்தார்கள்.
நூறு பேர்தான் வந்தார்கள்.
நூறு பேராவது வந்திருப்பார்கள்.
நூறு பேரும் வந்தார்கள்.

முதலாவது வெறும் எண்ணிக்கை. இரண்டாவதில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது, இன்னும் அதிகம் எதிர்பார்த்தோம் என்று. மூன்றாவது குறைந்தபட்சக் கணக்கு, அதுவும் உத்தேசம். நான்காவதில் அழைக்கப்பட்டவர் நூறு பேர், ஒருவர் பாக்கியில்லை. விடைகளை எழுதுகிறவருக்கு இது தெரியும். பத்தியில் "ஆவது" என்றிருக்கும், விடையில் "மட்டுமே" என்றிருக்கும். வீட்டில் இதைப் பேசுகிற பிள்ளைகள் காதால் சரியாகப் பிடித்துவிடுவார்கள், கண்ணால்தான் விட்டுவிடுவார்கள். அதனால் இந்த வகை வாக்கியத்தை மட்டும் மனசுக்குள் உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் பத்தியைப் படிப்பதா, கேள்வியைப் படிப்பதா?

ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும் விஷயம். என் கட்சி: முதலில் கேள்விகளை மட்டும் ஒரு ஓட்டம், விடைகளைப் பார்க்காமல். அப்புறம் பத்தியை ஒரே மூச்சில் முழுசாக. அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பிப் போய் விரல் வைப்பது. விடைகளை முதலிலேயே படித்தால் மூன்று பொய்யை மண்டையில் ஏற்றிக்கொண்டு பத்திக்குள் போகிறோம், அது வேண்டாத வேலை.

கதைப் பத்திக்கும் கவிதைக்கும் மட்டும் விதிவிலக்கு. அங்கே நேராகப் பத்திக்குப் போவது நல்லது. கேள்வி முதலில் வந்தால் கதையின் சுவை போய்விடும், சுவை போனால் "ஆசிரியரின் மனநிலை என்ன" என்பது போன்ற கேள்வியில் தடுமாறுவோம்.

தெரியாத சொல் வந்தால்?

தாண்டிப் போங்கள். அந்தச் சொல்லைக் கேட்டே ஒரு கேள்வி இருந்தால், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு நான்கு விடையையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் படியுங்கள். இரண்டு உடனே விழுந்துவிடும். தெரிந்த சொல்லாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். "கை" என்ற சொல்லுக்கு அகராதியில் எத்தனை பொருள் இருந்தாலும், "அவர் பெரிய கை" என்ற வாக்கியத்தில் ஒன்றுதான்.

மைனஸ் மார்க் இருக்கிறதே, தெரியாத கேள்வியை விட்டுவிடச் சொல்லலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கேள்விக்குக் குறித்தால், சராசரியாக இரண்டரை சரியாகும்: 12.5 வரவு. ஏழரை தவறு: 7.5 செலவு. மிச்சம் 5. இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் பத்துக் கேள்விக்கு 25 வரவு, 5 செலவு, மிச்சம் 20. ஆக 5க்கு 1 என்ற இந்த விகிதம் இருக்கும்வரை ஒரு விடையையாவது தள்ள முடிந்த கேள்வியை விட்டுவிட்டு வருவது நஷ்டம். பெற்றோர்தான் நீட் பயத்தில் "தெரியாததைத் தொடாதே" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அங்கே 4க்கு 1, கணக்கே வேறு.

வேகம் போதவில்லை. என்ன செய்வது?

50 கேள்விக்கு 60 நிமிடம் என்றால் கேள்விக்கு 72 நொடி. பத்தி படிக்கும் நேரமும் அதற்குள்தான். வேக வாசிப்பு வகுப்பு, கண் பயிற்சி என்று பணத்தைக் கொட்டாதீர்கள். நான் பார்த்தவரை வேகம் குறைய முக்கியக் காரணம் ஒரே வாக்கியத்தை மூன்று முறை படிப்பது. அதற்குக் காரணம் கவனம் அலைவது, அதற்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தில் கிடக்கும் ஃபோன். தினமும் இருபது நிமிடம், ஃபோன் வேறு அறையில், ஒரு கட்டுரை. படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு ஒரு வாக்கியத்தில் சாரத்தை எழுத வேண்டும். மூன்று மாதம் விடாமல் செய்தால் வேகம் தானே வரும்.

சொல்வளக் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு மிச்சமான நேரத்தைப் பத்திக்குக் கொடுக்கலாம். இங்கிலீஷ் தாளில் வாக்கிய வரிசை, ஒருபொருட்சொல், எதிர்ச்சொல் எல்லாம் அந்த வகையில் சேரும்.

கம்ப்யூட்டரில் எழுதுவது கஷ்டமாக இருக்குமா?

கஷ்டமில்லை, ஆனால் பழகாமல் போகக் கூடாது. காகிதத்தில் அடிக்கோடு போட்டுப் பழகிய கைக்குத் திரையில் வேலையில்லை. பத்தி ஒரு பெட்டிக்குள் இருந்தால் உருட்டிப் பார்க்காமல் கடைசி நாலு வரியை விட்டுவிடுகிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த நாலு வரியில்தான் "ஆனால்" இருக்கும்.

இன்னொன்று. விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு "சேவ் அண்ட் நெக்ஸ்ட்" அழுத்தாமல், பக்கத்தில் இருக்கும் எண்களைத் தட்டி வேறு கேள்விக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. என் மகனே ஒரு மாதிரித் தேர்வில் இப்படி ஆறு கேள்வியைக் காற்றில் விட்டுவிட்டு, மெஷின் கோளாறு என்று என்னிடம் சத்தம் போட்டான். விடை குறித்து, பிறகு பார்க்கலாம் என்று அடையாளமும் இட்டது மதிப்பீட்டில் சேரும், அதற்குப் பயப்பட வேண்டாம். தேர்வு முகமையின் தளத்தில் இலவச மாதிரித் தேர்வு உண்டு. நாலைந்து முறையாவது அதில், ஃபோனில் அல்ல, மவுஸ் வைத்துப் பழகுங்கள்.

எதைப் படிக்கச் சொல்வது? வீட்டில் தமிழ்ப் புத்தகமே இல்லையே.

தெரிந்த விஷயத்தைப் பற்றி மட்டும் படிக்கிற பழக்கத்தை உடைப்பதுதான் நோக்கம். கிரிக்கெட் பிரியனுக்குத் தேனீ வளர்ப்பு, டாக்டர் கனவில் இருப்பவளுக்குச் சோழர் காலத்து ஏரிப் பராமரிப்பு. தெரியாத விஷயம் என்றால் சொந்த அறிவு குறுக்கே வராது, பத்தியை மட்டுமே நம்பியாக வேண்டும்.

1946இல் தொடங்கி, இப்போது ஆர்.கே. புரத்தில் இயங்கிவரும் டெல்லித் தமிழ்ச் சங்கத்துக்கு நூலகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். சிறுகதைத் தொகுப்பு ஒன்று, கட்டுரைத் தொகுப்பு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். வரும் வழியில் இட்லி வாங்கிக்கொடுத்தால் அடுத்த வாரமும் வருவார்கள். இங்கிலீஷுக்கு நாளிதழின் நடுப்பக்கம் போதும்.

கோச்சிங் சேர்க்க வேண்டுமா?

மொழித்தாளுக்கு மட்டும் என்றால் வேண்டாம். கணக்கு, பொருளாதாரத்துக்குத் தேவைப்படலாம், அது வேறு பேச்சு. காலு சராயிலும் முகர்ஜி நகரிலும் கோச்சிங் சென்டர்கள் கொடுக்கும் "பத்தி படிக்காமலே விடை கண்டுபிடிக்கும் பத்து வழி" போன்ற நோட்டுகள் என் வகுப்புக்கும் வந்தன. "எப்போதும்", "மட்டுமே" இருக்கிற விடையைத் தள்ளு என்று அதில் ஒரு வழி. பாதி நேரம் பலிக்கும். பத்தியிலேயே "மட்டுமே" என்று இருக்கும் நாளில் கவிழ்த்துவிடும்.

ஒரு மாதம்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். நாளைக்கு இரண்டு பத்தி. நேரம் வைத்து எழுதுவது பத்து நிமிடம், தவறான ஒவ்வொரு விடைக்கும் ஏன் தவறினேன் என்று எழுதுவது இருபது நிமிடம். காரணம் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும்: பத்தியில் இல்லாததை நம்பினேன், வாக்கியத்தின் வாலைப் படிக்கவில்லை, "பொருந்தாதது எது" என்பதைப் பொருந்துவது என்று படித்தேன், சொல் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் தன் பலவீனம் எது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். மற்றவர்களோடு ஒப்பிட வேண்டாம்.

தேர்வு முடிந்து வந்த விடைக்குறிப்பில் ஒரு விடை தவறு என்று மகள் சொல்கிறாள். விட்டுவிடுவதா?

தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்க வழி உண்டு. 2025இல் ஒரு கேள்விக்கு 200 ரூபாய், அது திரும்பக் கிடைக்காது. சில நாட்கள்தான் அவகாசம் (லீவு அல்ல!). பத்தி வாசிப்பில் ஆட்சேபம் எழுப்புவதற்கு முன் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வரி? விரல் வைத்துக் காட்டினால் பணத்தைக் கட்டுங்கள். "இல்லம்மா, அப்படித்தானே அர்த்தம் வரும்" என்று இழுத்தால் அந்த 200 ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்கிக்கொடுங்கள்.